‘திருடியது அவன்தானே’ என்னும் வாதம்: ஒரு மறுப்பு

குழாய் பழுதுபார்க்கவும், கரையானுக்கு மருந்தடிக்கவும், ஏசியைக் கழுவவும், படுக்கையில் கிடக்கும் முதியவரைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு நிறுவனத்தின் பெயரால் வீட்டுக்குள் வந்த பணியாளர், போகும்போது அலமாரியிலிருந்த நகையையும் எடுத்துக்கொண்டு போனால், அந்த இழப்புக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்பதே நம் நாட்டில் பரவலாக நிலவும் கருத்து. நிறுவனங்கள் இப்படிச் சொல்வதில் வியப்பில்லை. பொருளை இழந்தவர்களே இதை ஏற்றுக்கொண்டு, காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்ததோடு தங்கள் உரிமை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் இக்கருத்தின் வேர் எவ்வளவு ஆழம் என்பதைக் காட்டுகிறது. இதற்குப் பின்னால் உள்ள வாதம் எளிமையானது: முதலாளி ஆளை அனுப்பியது குழாயைச் சரிசெய்ய, திருட அல்ல, திருட்டால் அவருக்கு ஒரு பைசா ஆதாயமில்லை, இன்னொருவரின் மனத்துக்குள் புகுந்து பார்க்க எவராலும் முடியாது, ஆகவே திருடியவரே தண்டனையையும் இழப்பீட்டையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் இவ்வாதத்தின் எந்தப் படியிலும் பிழை தெரியாது. ஆனால் இவற்றுள் சில, நூறாண்டுகளுக்கு முன்பே நீதிமன்றங்கள் கைவிட்டவை. மற்றவை, கேட்க வேண்டிய கேள்வியை ஒதுக்கிவிட்டு வேறொரு கேள்விக்கு விடை சொல்பவை.

முதலில் களைய வேண்டியது, தண்டனையையும் ஈட்டையும் ஒன்றாகப் பார்க்கும் குழப்பம். குற்றம் என்ற அளவில் திருட்டுக்குரிய சிறை, திருடியவரை மட்டுமே சேரும். குடியிருக்கும் வீட்டில் நடக்கும் திருட்டுக்கு முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 380-ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆம் பிரிவும் வகுத்திருக்கும் தண்டனை அவரைக் குறித்ததே, அதை எவரும் முதலாளியின் தலையில் ஏற்றச் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் மற்றவருக்கு விளைவித்த தீங்குக்குப் பணமாக ஈடு தரவைக்கும் தீங்கியல் சட்டம் கேட்பது வேறு கேள்வி: இந்த இழப்பு யாருடைய கணக்கில் எழுதப்பட வேண்டும்? பணியாளர் தம் பணியின் போக்கில் செய்த தவற்றுக்கு, தாம் எந்தத் தவறும் செய்யாதபோதும் முதலாளி ஈடு தர வேண்டும் என்பது அச்சட்டத்தின் பழைய கொள்கைகளுள் ஒன்று. அதைப் பிறர்வினைப் பொறுப்பு என்று அழைக்கலாம். அரசுப் பேருந்து மோதியதற்கு ஓட்டுநரிடம் போய் இழப்பீடு கேட்பார் இல்லை. போக்குவரத்துக் கழகம்தான் தருகிறது, தராவிட்டால் நீதிமன்ற அமீனா பேருந்தை ஜப்தி செய்து கொண்டுபோய் நிறுத்துவது தமிழ்நாட்டில் பழகிப்போன செய்தி. ஓட்டுநரை நியமித்தது வண்டி ஓட்டத்தானே, மோதுவதற்காகவா என்று கழகம் கேட்டால் நீதிமன்றத்தில் சிரிப்புத்தான் எழும். குழாய்க்காரரின் முதலாளி அதே கேள்வியைக் கேட்கும்போது மட்டும் அது வாதமாகிவிடுகிறது.

மோதல் கவனக்குறைவால் நேர்வது, திருட்டோ பணியாளர் தம் சொந்த ஆதாயத்துக்காக வேண்டுமென்றே செய்வது, ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்று இங்கே மறுமொழி வரும். இந்த வேறுபாட்டுக்கு ஒருகாலத்தில் சட்டத்தில் இடமிருந்தது உண்மை. 1867-இல் இங்கிலாந்தில் முடிவான பார்விக் வழக்கின் தீர்ப்பு, பணியாளரின் மோசடிக்கு முதலாளி பொறுப்பாவதைப் பேசியபோது, அது முதலாளியின் நன்மைக்காகச் செய்யப்பட்டிருப்பதையும் சேர்த்துச் சொன்னதால், பணியாளர் தம் பைக்காகச் செய்த எதுவும் முதலாளியைத் தொடாது என்ற எண்ணம் அடுத்த நாற்பத்தைந்து ஆண்டுகள் உலவிற்று. அதை முடித்துவைத்தது 1912-இல் பிரபுக்கள் சபை தீர்த்த லாயிட் எதிர் கிரேஸ், ஸ்மித் வழக்கு. லிவர்பூலில் இருந்த ஒரு வழக்கறிஞர் நிறுவனத்துக்குத் தம் சொத்தைப் பற்றி ஆலோசனை கேட்கப் போன கைம்பெண் ஒருவரிடம், அங்கே பொறுப்பிலிருந்த குமாஸ்தா, விற்பனைக்கான காகிதங்கள் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கி, அவருடைய இரண்டு குடில்களையும் அடமானக் கடனில் அவருக்கிருந்த உரிமையையும் தம் பெயருக்கே மாற்றிக்கொண்டார். நிறுவனத்துக்கு அதில் ஒரு பென்னியும் வரவில்லை, அதன் உரிமையாளருக்கு நடந்தது தெரியவும் தெரியாது. இருந்தும் நிறுவனமே பொறுப்பு என்று சபை தீர்த்தது. அந்தப் பெண் நம்பியது குமாஸ்தாவின் முகத்தை அல்ல. வாசலில் தொங்கிய பெயர்ப்பலகையை நம்பி உள்ளே போனார், அந்தப் பலகைக்கு உரியவர் இழப்பையும் ஏற்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் உயிர்நாடி.

இதை நவீன நுகர்வோர் இயக்கத்தின் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இன்னும் பின்னோக்கிப் போகலாம். பண்டைய ரோமில் கப்பல் நடத்துவோர், சத்திரம் நடத்துவோர், லாயம் நடத்துவோர் ஆகிய மூவரும், தங்களிடம் வேலை செய்பவர் பயணியின் பொருளைத் திருடினால் அதன் மதிப்பைப் போல இரு மடங்கு தர வேண்டியிருந்தது. தீயவர்களின் உழைப்பைப் பயன்படுத்திக்கொண்டதே ஓரளவு குற்றம் என்று ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பு அதற்குக் காரணமும் சொல்லிற்று.

நிலவும் கருத்தின் உண்மையான பலம் ஆதாய வாதத்தில் இல்லை, ஒப்படைப்பு பற்றிய வாதத்தில் இருக்கிறது. அதற்குத்தான் விரிவாக விடை சொல்ல வேண்டும். 1965-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த மாரிஸ் எதிர் மார்ட்டின் வழக்கில், சுத்தம் செய்யக் கொடுத்த மிங்க் ரோமத் தோளாடையை, அதைச் சுத்தம் செய்யும் பொறுப்பைப் பெற்ற பணியாளரே திருடிவிட்டார். நிறுவனம் பொறுப்பு என்று நீதிபதிகள் மூவரும் முடிவு செய்தனர். ஆனால் அந்த ஆடையோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேறொரு பணியாளர், உள்ளே வேலை செய்வதால் கிடைத்த வாய்ப்பைப் பயன்படுத்தித் திருடியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்பதையும் அவர்கள் தெளிவுபடுத்தினர். இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுச் சேவை நிறுவனங்கள் வாதாடுகின்றன: தோளாடை நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது, நகை யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை; குழாய்க்காரருக்குக் கிடைத்தது வெறும் வாய்ப்பு, வாய்ப்புக்கு யாரும் பொறுப்பில்லை.

இந்த வாதம் வீட்டுக்குள் நடக்கும் பணியின் இயல்பைக் கவனிக்கத் தவறுகிறது. சலவைக்கடைக்குப் பொருள் போகிறது. வீட்டுச் சேவையிலோ நிறுவனம் பொருள் இருக்கும் இடத்துக்கு வருகிறது. அந்த வணிகத்தில் விற்கப்படும் சரக்கு குழாயின் பழுது மட்டுமல்ல, வீட்டுக்காரர் கடைக்கு அலையாமல் வீட்டிலேயே இருக்கலாம் என்ற வசதியும் சேர்ந்ததே. அந்த வசதிக்கு நிறுவனம் விலை வாங்குகிறது, அதற்கு ஈடாக வீட்டுக்காரர் முன்பின் தெரியாத ஒருவருக்குக் கதவைத் திறக்கிறார். பூச்சி மருந்து அடிக்க வருபவர்கள் அடுக்களை அலமாரிகளைக் காலி செய்து வைக்கச் சொல்வதும், மருந்தின் நெடி அடங்கும்வரை வீட்டாரைச் சில மணி நேரம் வெளியே இருக்கச் சொல்வதும் வழக்கம். வீடு மாற்ற வரும் பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ் ஆட்கள் பீரோவைத் திறந்து, உள்ளிருப்பதைப் பெட்டியில் அடுக்கிக் கட்டுவதற்கென்றே வருகிறார்கள். இரவுபகலாக முதியவருடன் இருக்கும் ஹோம் நர்ஸுக்கு மருந்துப் பெட்டியின் சாவி எங்கே, பென்ஷன் பணம் எந்த டப்பாவில் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும், தெரியாமல் அவரால் வேலை பார்க்கவும் முடியாது. இவற்றையெல்லாம் வெறும் வாய்ப்பு என்று சொல்வது, வீதியில் நடந்துபோகும்போது திறந்திருந்த சன்னலைப் பார்த்தவனுக்குக் கிடைத்த வாய்ப்போடு இவற்றைச் சமமாக வைப்பதாகும். இங்கே ஒப்படைக்கப்படுவது ஒரு நகையல்ல, வீட்டின் காவலே என்பதுதான் உண்மை.

காவல் என்னும் சொல் மிகையல்ல என்பதை 1948-இல் வந்த ஸ்டான்ஸ்பி எதிர் ட்ரோமன் தீர்ப்பு காட்டும். வீட்டை அலங்கரிக்கும் ஒப்பந்ததாரர் ஒருவரை வீட்டில் தனியே விட்டுவிட்டு வீட்டுக்காரரின் மனைவி வெளியே போயிருந்தார். ஒப்பந்ததாரர் சுவர்க்காகிதம் வாங்கக் கதவைப் பூட்டாமல் இரண்டு மணி நேரம் போய்விட, யாரோ ஒரு திருடன் நுழைந்து வைர வளையல் முதலியவற்றை எடுத்துப் போனான். ஒப்பந்ததாரரே ஈடு தர வேண்டும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். இதை நிலவும் கருத்தோடு பொருத்திப் பார்த்தால் கிடைக்கும் முடிவு விநோதமானது. பணிக்கு அனுப்பப்பட்டவர் கதவைப் பூட்ட மறந்து, வெளியாள் வந்து வளையலை எடுத்தால் அவரை அனுப்பிய நிறுவனம் பொறுப்பு. அவரே வளையலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கதவை ஒழுங்காகப் பூட்டிவிட்டுப் போனால் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. சிறிய தவற்றுக்குப் பொறுப்பும் பெரிய தவற்றுக்கு விடுதலையும் தரும் ஒரு விதியை நியாயம் என்று சொல்லத் துணிவு வேண்டும்.

ஆங்கிலத் தீர்ப்புகள் எல்லாம் ஒரே திசையில் நடக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1984-இல், அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் வெளியூர் போனவர் விட்டுச்சென்ற சாவியைக் கொண்டு அங்கிருந்த காவல் பணியாளரே நகைகளைத் திருடியபோது, நிர்வாக நிறுவனம் ஈடு தர வேண்டியதாயிற்று. அந்தப் பணியாளர் பழைய திருடர் என்பதை விசாரித்து அறியாததும் அதன்மீது குற்றமாக வைக்கப்பட்டது. ஆனால் 1987-இல் தீர்ந்த ஹீஸ்மன்ஸ் வழக்கில், அலுவலகத்தைத் துடைத்துச் சுத்தம் செய்ய அனுப்பப்பட்டவர் அங்கிருந்த தொலைபேசியில் 1,411 பவுண்டுக்கு வெளிநாட்டு அழைப்புகள் பேசித் தீர்த்தபோது, அது வெறும் வாய்ப்புத்தான், துப்புரவு நிறுவனம் பொறுப்பல்ல என்று தீர்ப்பாயிற்று. தொலைபேசிக் கருவியைத் துடைப்பதும் அவருடைய வேலையாக இருந்தும் இம்முடிவு. 2001-இல் லிஸ்டர் வழக்கில் பிரபுக்கள் சபை, பணியாளரிடம் ஒப்படைத்த பணிக்கும் அவர் செய்த தீங்குக்கும் நெருங்கிய தொடர்பு உண்டா என்பதே கேட்க வேண்டிய கேள்வி என்று மாற்றியமைத்தது. அதன்பின் 2010-இல், கப்பல் கொள்கலனுக்குப் புகையூட்டிப் பூச்சி கொல்ல அனுப்பப்பட்ட பணியாளர் அதே கொள்கலனிலிருந்து வெள்ளிக் கட்டிகளைத் திருடிய பிரிங்க்ஸ் வழக்கில், புகையூட்டும் நிறுவனமே பொறுப்பு என்று முடிவாயிற்று. வெள்ளிக் கட்டிகள் அந்த நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்; அவை இருந்த இடத்துக்குள் போகும் உரிமைதான் ஒப்படைக்கப்பட்டது. வீட்டுக்குள் வரும் பணியாளரின் நிலை இதுவே. இத்தீர்ப்புகள் இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துபவை அல்லவெனினும், இங்கே தீங்கியல் சட்டம் தனிச் சட்டமாகத் தொகுக்கப்படாததால், நம் நீதிபதிகள் இவற்றைத்தான் எடுத்து ஆராய்கிறார்கள்.

இந்தியத் தீர்ப்புகளிலிருந்து எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஸ்டேட் வங்கி எதிர் சியாமா தேவி வழக்கு. வாடிக்கையாளரின் கணவர் கணக்கில் கட்டச் சொல்லிக் கொடுத்த பணத்தை வங்கி ஊழியர் ஒருவர் சுருட்டிக்கொண்டார். வங்கி பொறுப்பல்ல என்று முடிவாயிற்று. ஆனால் அந்தப் பணம் வங்கியின் கவுண்ட்டரில் கொடுக்கப்பட்டதல்ல. அண்டை வீட்டுக்காரரும் நண்பருமான ஒருவரிடம் நட்பின் பேரில் கொடுக்கப்பட்டது என்பதே அம்முடிவுக்கு அடிப்படை. அப்படியானால் அத்தீர்ப்பு இக்கட்டுரையின் நிலைப்பாட்டுக்கே துணையாகிறது. ஏசியைக் கழுவ வந்தவரை வீட்டுக்காரர் தனியாகப் பழகி, மறுவாரம் நிறுவனத்துக்குத் தெரியாமல் தாமே அழைத்து, அப்போது பொருள் போயிற்றென்றால் நிறுவனத்தைக் கேட்க முடியாது. ஆறு மாதம் கழித்து அவர் நள்ளிரவில் ஓட்டைப் பிரித்து இறங்கினாலும் கேட்க முடியாது. நிறுவனம் பதிவு செய்து, நேரம் குறித்து, சீருடையோடும் அடையாள அட்டையோடும் அனுப்பிய வருகையில் நடந்தது அந்த வகையல்ல. 1947-இல் மீரட் காவல் நிலையத்தில் கைப்பற்றி வைத்திருந்த நூறு தோலாவுக்கு மேற்பட்ட தங்கத்தைத் தலைமைக் காவலர் எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிய கஸ்தூரிலால் வழக்கில் உத்தரப் பிரதேச அரசு தப்பியதையும் சிலர் காட்டுவர். அரசு தப்பியது, காவல்துறையின் அதிகாரம் இறையாண்மை சார்ந்தது என்னும் விலக்கினால். கரையான் மருந்தடிப்பதில் இறையாண்மை ஏதுமில்லை.

இந்த இடத்தில் நிறுவனங்கள் கொஞ்சம் இறங்கிவந்து, ஆளைத் தேர்வதில் கவனக்குறைவு இருந்தால் மட்டும் பொறுப்பேற்கலாம், காவல்துறைச் சரிபார்ப்பு முடித்தே எடுத்தோம் என்பதுண்டு. சரிபார்ப்புச் சான்று சொல்வது, அந்த நாள்வரை அந்தப் பெயரில் வழக்கில்லை என்பதை மட்டுமே. முதன்முறை திருடுபவரை எந்தச் சான்றும் காட்டிக்கொடுக்காது. அதைவிட முக்கியமானது, யார் எதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது. ஆளை எங்கே பிடித்தார்கள், யார் பரிந்துரைத்தார்கள், முன்பு எந்த வீட்டிலிருந்து புகார் வந்தது என்பவை அனைத்தும் நிறுவனத்தின் கோப்பில் இருக்கின்றன. இழந்தவரிடம் இருப்பது ஒரு ரசீதும் ஒரு கைப்பேசி எண்ணும். மலேசியாவின் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகக் கிடங்கில் மருந்துப் பெட்டிகள் காணாமற்போன வழக்கில், தன்னிடம் ஒப்படைத்த பொருள் எப்படிப் போயிற்று என்று விளக்கித் தன்மேல் குறையில்லை எனக் காட்ட வேண்டிய சுமை பொருளை வைத்திருந்தவரையே சேரும் என்று 1978-இல் பிரிவி கவுன்சில் தெளிவாக்கியது. அது பொருளொப்படைப்பு பற்றியதே எனினும், தகவல் யாரிடம் இருக்கிறதோ அவரே பேச வேண்டும் என்னும் அதன் நியாயம் வீட்டுக்குள்ளும் பொருந்தும்.

“அவர் எங்கள் ஆள் இல்லை, காண்ட்ராக்ட் ஆள்” என்பது அடுத்த அரண்; செயலிகள் வந்த பிறகு காண்ட்ராக்ட் ஆள் ‘பார்ட்னர்’ ஆகிவிட்டார். கூலியை நிர்ணயிப்பதும், சீருடை தருவதும், மதிப்பெண் குறைந்தால் வேலையை நிறுத்துவதும் நிறுவனமாக இருக்கும்போது பெயரில் என்ன இருக்கிறது என்பதைக் கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிலாளர் பற்றிய ஹுசைன்பாய் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் கேட்டுவிட்டது. அது தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு. ஆயினும் திரையை விலக்கி உண்மையான முதலாளியைப் பார்க்கும் முறை எந்தச் சட்டத்துக்கும் பொதுவானது.

ரசீதின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் “விலையுயர்ந்த பொருள்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல” என்ற வாசகத்தைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. 1998-இல் டெல்லி தாஜ்மகால் ஹோட்டலில் சாவி கொடுத்து நிறுத்திய கார் திருடுபோனதில், சீட்டில் ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று அச்சிட்டிருந்ததைக் காட்டி ஹோட்டல் தப்ப முயன்றதை 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒருதலையான ஒப்பந்த வாசகங்களைச் செல்லாதவை என அறிவிக்கும் அதிகாரத்தை மாநில ஆணையத்துக்குத் தந்திருக்கிறது.

பொறுப்பு சுமத்தினால் பத்துப் பவுன் போனவர் ஐம்பது பவுன் என்பார், இருநூறு ரூபாய் வேலைக்கு இருபது லட்சம் கட்ட முடியுமா என்ற அச்சத்தில் மட்டும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அது பொறுப்பின் அளவைப் பற்றிய கேள்வி, பொறுப்பு உண்டா இல்லையா என்பதைப் பற்றியதல்ல. வங்கி லாக்கருக்குள் என்ன இருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியவே தெரியாது. அதைச் சொல்லியே வங்கிகள் நெடுங்காலம் கைகழுவின. 2021 பிப்ரவரியில் அமிதாப தாஸ்குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்த பின், ரிசர்வ் வங்கி வகுத்து 2022 ஜனவரி 1 முதல் நடப்பிலிருக்கும் விதி, தீ, திருட்டு, கொள்ளை ஆகியவற்றோடு வங்கி ஊழியரின் மோசடியால் இழப்பு நேர்ந்தாலும், லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்குவரை வங்கி தர வேண்டும் என்கிறது. நூறு என்ற எண்ணுக்குத் தனி நியாயம் எதுவும் இல்லைதான். ஆனால் உள்ளே இருந்ததை மெய்ப்பிக்க முடியாத இடத்திலும் பொறுப்பைச் சுமத்தி அதற்கு ஓர் எல்லையும் வகுக்க முடியும் என்பதற்கு அது போதுமான சான்று.

இவ்விவாதத்தில் அதிகம் பேசப்படாதவர் நேர்மையான பணியாளர். நிறுவனத்தை விடுவிக்கும் விதி அவரை விடுவிப்பதில்லை. மாறாக, முழுச் சுமையையும் அவர்மேல்தான் இறக்குகிறது. பொருளை இழந்தவருக்கு வேறெங்கும் ஈடு கிடைக்காதபோது, அவருக்கிருக்கும் ஒரே வழி அன்று வீட்டுக்குள் வந்தவரைக் கைகாட்டுவது; காவல் நிலையத்துக்கும் பொருளை மீட்டுக் காட்டினால்தான் புகார் முடியும். முதல் தகவல் அறிக்கை எழுதும் முன்பே நடக்கும் ‘விசாரணை’ எப்படிப்பட்டது என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், பக்தர் ஒருவர் நிறுத்தச் சொல்லிக் கார் சாவியைக் கொடுத்த கோயிலின் ஒப்பந்தக் காவலாளி, காரிலிருந்த நகையைக் காணோம் என்ற புகாரில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, காவலிலேயே தாக்கப்பட்டு இறந்தார். காவலர்கள் கைதாயினர், வழக்கு சிபிஐயிடம் போயிற்று. அங்கே சாவி கைமாறியது கோயிலின் ஊழியர் என்ற அடையாளத்தின் பேரில். ஆனால் நகையைக் காணோம் என்றதும் கேள்வி கேட்கப்பட்டது அந்த ஊழியரிடம்தான். நிறுவனமே முதலில் பதில் சொல்ல வேண்டும் என்றிருந்தால் எல்லாக் கொடுமையும் நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. ஆயினும் உரிமையியல் வழக்கில் ஐயத்துக்கு இடமற்ற மெய்ப்பிப்பு வேண்டியதில்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே போதும். அங்கே ஒப்புதல் வாக்குமூலத்தை யாருடைய முதுகிலிருந்தும் உரித்தெடுக்க வேண்டிய தேவையுமில்லை. வந்துபோன நேரம், உடன் வந்தவர்கள், முந்தைய புகார்கள் என்னும் பதிவுகளைப் பொறுப்புள்ள நிறுவனம் தன் நலனுக்காகவே ஒழுங்காக வைத்திருக்கும். பொய்ப் புகாரிலிருந்து தன் பணியாளரைக் காப்பதும் அப்போது அதன் நலனாகிவிடும். பொறுப்பற்ற நிறுவனத்துக்கோ சந்தேகப்பட்டவரை அன்றே வேலையைவிட்டு நீக்கிக் கைகழுவுவதுதான் மலிவு.

இரண்டே ஆட்களை வைத்துப் பிழைக்கும் சிறு முதலாளி இதில் நசுங்கிவிடுவார் என்பது கடைசியாக வரும் வாதம். அவருக்காகத்தான் காப்பீடு இருக்கிறது. இழப்பை ஆயிரம் வீட்டு வேலைகளின் கூலியில் சில ரூபாய்களாகப் பரப்பிவிட அவரால் முடியும், நகையை இழந்த ஒற்றை வீட்டால் முடியாது. ஃபிடெலிட்டி காரண்டி பாலிசி என்று முகவர்கள் விற்கும் காப்பீடு பணியாளரின் நேர்மைக்கேட்டால் வரும் இழப்புக்கென்றே உள்ளது. ஆனால் அதன் வழக்கமான வாசகம் முதலாளியின் சொந்தப் பணத்துக்கும் சரக்குக்கும் நேரும் இழப்பை ஈடுசெய்வதற்கானது. வாடிக்கையாளரின் உடைமைக்கும் அதை நீட்டிக்கத் தனியாகக் கேட்டு, கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். வாடிக்கையாளரின் பீரோவுக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கும்வரை, அந்தக் கூடுதல் பிரீமியத்தைக் கட்ட எந்த முதலாளிக்கும் காரணம் இல்லை.